கல்லைத் தேடிப் போகும் கிரஷர்

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தைச் சுற்றி எங்கே கிணறு வெட்டினாலும் கருங்கல் தட்டுப்படாது. செம்மண், களி, மணற்பாறை, இன்னும் ஆழமாகப் போனால் பழுப்பு நிலக்கரி. பூமி இந்தப் பகுதிக்குக் கொடுத்தது இவ்வளவுதான். நிலக்கரி நெய்வேலியை உருவாக்கியது. களிமண் விருத்தாசலத்தைப் பீங்கான் நகரமாக்கியது. வீடு கட்டவும் சாலை போடவும் வேண்டிய ஜல்லி மட்டும் வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அது வரும் திசைகளை லாரிக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மேற்கே பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம். வடக்கே விழுப்புரம் மாவட்டத்து வானூர், திருவக்கரைப் பக்கம். எங்கிருந்து வந்தாலும் பல பத்து கிலோமீட்டர் ஓடித்தான் கம்மாபுரம் சேர வேண்டும். நூறு கன அடி கொண்டது ஒரு யூனிட். ஒரு யூனிட் முக்கால் ஜல்லிக்கு நாம் எண்ணிக் கொடுக்கும் பணத்தில் கல்லுக்கு ஒரு பங்கு, உடைப்பதற்கு ஒரு பங்கு, அரசுக்குக் கட்டும் சீனியரேஜுக்கு ஒரு பங்கு போக, மிச்சமெல்லாம் டயருக்கும் டீசலுக்கும். தூரம் கூடக் கூட அந்த மிச்சம்தான் வீங்குகிறது.

கல்லை ஒருமுறை கூடுதலாகத் தூக்கி இறக்கினாலும் அதற்கான காசு கம்மாபுரத்தில் வீடு கட்டுபவரின் மடியிலிருந்துதான் போகிறது. மலை நகராது என்பதால் சாலைத் தூரத்தைக் குறைக்க வழியில்லை. ஆனால் குவாரிக்குள்ளேயே கல் ஓடும் தூரம் ஒன்று இருக்கிறது. வாங்குபவர் கண்ணில் படாத தூரம் அது. அதைக் குறைக்கத்தான் நகரும் கிரஷர் வந்தது. பாறையை எந்திரத்திடம் கொண்டுபோவதற்குப் பதிலாக எந்திரமே பாறையிடம் போகிறது. தமிழ்நாட்டுக் குவாரித் தொழிலுக்கு இது பொருந்துமா, பொருந்தினால் எங்கே, எந்த நிபந்தனையோடு என்பது கல்லே இல்லாத ஊர்க்காரர்களுக்கும் முக்கியமான கேள்வி.

டிப்பர் ஓடும் கணக்கு

நிலையான கிரஷர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். குவாரிப் பள்ளத்தில் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். சரிந்த பாறையை ஹிட்டாச்சி அள்ளி டிப்பரில் போடுகிறது. பெரிய கல்லாக இருந்தால் பிரேக்கர் முதலில் உடைக்கும். டிப்பர் பள்ளத்திலிருந்து மேலேறி, கிரஷர் ஹாப்பரின் தலைக்குப் போகும் மண் ராம்ப்பிலும் ஏறி, கல்லைக் கொட்டிவிட்டு வெறுமனே திரும்புகிறது. ஹாப்பரிலிருந்து ஜா கிரஷர், அங்கிருந்து பெல்ட் வழியாகக் கோன் கிரஷர், பிறகு சல்லடை. ஒன்றரை, முக்கால், அரை, சிப்ஸ், பவுடர் என்று குவியல் குவியலாகப் பிரிந்து விழுகிறது. எம்-சாண்ட் தயாரிக்கும் ஆலையாக இருந்தால் கல்லோடு கல்லை மோதவிட்டு உருட்டும் வி.எஸ்.ஐ. எந்திரமும், கழுவும் தொட்டியும் கூடுதலாக இருக்கும்.

ஜா கிரஷர் புதிய கருவி அல்ல. அமெரிக்காவின் கனெடிகட்டைச் சேர்ந்த ஈலை விட்னி பிளேக் 1858இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சாலைக்குக் கல் உடைக்கும் வேலையைச் சுத்தியலிடமிருந்து எந்திரத்துக்கு மாற்றுவதே அவருடைய நோக்கம். அசையாத ஒரு தாடை, அதன் முன் அசையும் ஒரு தாடை, நடுவில் கல். இன்று வரை அந்த அமைப்பு மாறவில்லை. பீங்கான் தொழிலிலும் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் பால் மில்லுக்கு அனுப்புமுன் உடைத்துக் கொடுப்பது இதே தாடைதான்.

செலவு உடைப்பதில் மட்டும் இல்லை, ஓடுவதிலும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 200 டன் உடைக்கும் ஆலை 8 மணி நேரம் ஓடினால் 1,600 டன் கல் வேண்டும். டிப்பருக்கு 20 டன் என்றால் 80 நடை. வெடி வைத்த இடத்துக்கும் ஹாப்பருக்கும் 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போகவர ஒரு நாளுக்கு 160 கிலோமீட்டர். இதில் பாதி தூரம் டிப்பர் காலியாக ஓடுகிறது. டிப்பரின் சொந்த எடையே சுமார் பத்து டன் இருக்கும். அந்த இரும்பும் ஒவ்வொரு நடையிலும் கல்லோடு சேர்ந்து மேட்டில் ஏறியாக வேண்டும்.

இது முதல் ஆண்டுக் கணக்கு. குவாரி ஆழமாக ஆழமாக நிலைமை மாறும். டிப்பர் பாதுகாப்பாக ஏற 16 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்ற சரிவில் பாதை போட்டால், பள்ளம் 30 மீட்டர் இறங்கும்போது பாதை ஒரு வழிக்கு 480 மீட்டர் நீள்கிறது. 80 நடைக்குப் போகவர 77 கிலோமீட்டர் கூடுகிறது. உடைக்கும் கல்லின் அளவு அதேதான், எரியும் டீசல்தான் ஏறிக்கொண்டே போகிறது. கிரஷரைக் கான்கிரீட் அடித்தளத்தில் ஊன்றிய நாளன்று அதுவே குவாரிக்கு மிக அருகில் இருந்த இடம். ஒவ்வொரு வெடிக்கும் பாறை அதைவிட்டு விலகிப் போகிறது.

நகரும் கிரஷர் இந்த ஓட்டத்தை நடுவில் வெட்டுகிறது. புல்டோசருக்கு இருப்பது போன்ற இரும்புச் சங்கிலித் தடத்தின் மேல் ஹாப்பர், ஜா, எஞ்சின், பெல்ட் எல்லாம் ஒரே உடலாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண அளவு எந்திரமே முப்பது, நாற்பது டன் எடை இருக்கும். லோ-பெட் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினால், அடித்தளமும் ராம்ப்பும் கட்டாமலே வேலையைத் தொடங்கிவிடலாம். ஹிட்டாச்சி அள்ளிய கல்லை நேரே ஹாப்பரில் போடுகிறது. வெடி வைக்கும் நேரத்தில் எந்திரம் பின்வாங்கி நிற்கும், புகை அடங்கியதும் திரும்பி வரும். கோன் கிரஷரும் சல்லடையும் இதேபோல் தனித்தனித் தடங்களில் பின்னால் நிற்கும். சங்கிலித் தடத்துக்குப் பதில் டயரில் நிற்கும் வகையும் உண்டு. சாலை ஒப்பந்தக்காரர்கள் பலர் விரும்புவது அந்த டயர் வகையைத்தான்.

உடைந்த ஜல்லியும் பள்ளத்திலிருந்து மேலே வரத்தானே வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பாறாங்கல் பெல்ட்டில் ஏறாது, உடைந்த கல் ஏறும். பெல்ட் 18 டிகிரி சாய்வில் ஏறினால் 30 மீட்டர் உயரத்துக்குச் சுமார் நூறு மீட்டர் நீளம் போதும். டிப்பருக்கு அதே உயரம் ஏற 480 மீட்டர் பாதை வேண்டியிருந்தது. பெல்ட் போட வசதியில்லாத குவாரியிலும், ஊருக்குப் போகும் லாரி நேரே பள்ளத்தில் இறங்கி ஜல்லியை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு தூக்கல், ஒரு இறக்கல் மிச்சம்.

நெய்வேலி முன்பே படித்த பாடம்

நகரும் கிரஷரின் தொடக்கம் 1956. மேற்கு ஜெர்மனியின் ஹோவர் என்ற ஊரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. நிலம் ஈரமும் இளக்கமுமாக இருந்ததால் லாரி ஓட்டுவது பெரும் செலவாக இருந்தது. கிரஷரையே பாறை முகத்துக்கு அருகில் நகர்த்திக்கொண்டு போய், உடைத்த கல்லை பெல்ட்டில் அனுப்பினார்கள். பிறகு 1985இல் ஃபின்லாந்தின் லோகோமோ ஆலை சங்கிலித் தடத்தில் நகரும் கிரஷரை லோகோட்ராக் என்ற பெயரில் கொண்டுவந்தது. இப்போது ஓசூரிலேயே டெரெக்ஸ் நிறுவனம் இத்தகைய எந்திரங்களைத் தயாரிக்கிறது. கோயம்புத்தூரின் ப்ரொபெல், ஹைதராபாத்தின் புஸ்ஸோலானா போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் கிரஷர் தயாரிப்பில் இருக்கின்றன. உதிரிபாகத்துக்கு ஐரோப்பாவைப் பார்த்துக் காத்திருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் கம்மாபுரத்துக்காரர்களுக்கு ஃபின்லாந்து உதாரணம் தேவையில்லை. அவர்கள் ஊர்ப்பக்கத்து நெய்வேலி இரண்டாம் சுரங்கமே போதும். அங்கே வாளிச் சக்கர எந்திரம் மண்ணை வெட்டியபடியே தடத்தில் நகர்கிறது. வெட்டிய மண் பெல்ட்டில் விழுந்து, கிலோமீட்டர் கணக்கில் ஓடி, மறுமுனையில் பரப்பும் எந்திரத்தின் வழியாக, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டிய சுரங்கம் இது. அத்தனையையும் லாரியில் ஏற்றியிருந்தால் நெய்வேலி நிலக்கரி கட்டுபடியாகியிருக்காது. வெட்டும் எந்திரம் வெட்டும் இடத்தோடு நகர வேண்டும், மிச்சத் தூரத்தைப் பெல்ட் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில்தான் இந்த வட்டாரத்தின் பெருந்தொழில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நெய்வேலி இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. 1957இல் சுரங்க வேலை தொடங்கியபோது வந்திறங்கியவை ஜெர்மானிய எந்திரங்கள். ஜெர்மனியின் இளகிய மண்ணில் நன்றாக ஓடிய வாளிப் பற்கள் கடலூர் மணற்பாறையின் உராய்வில் மளமளவென்று தேய்ந்தன. பாறையை முன்கூட்டியே வெடி வைத்துத் தளர்த்தவும், பற்களுக்கு உறுதியான உலோகத்தைத் தேடவும் வேண்டியிருந்தது. மணற்பாறைக்கே இந்தக் கதி என்றால், வட தமிழகக் குவாரிகள் பலவற்றில் உடைபடும் சார்னோக்கைட் பாறையைப் பற்றிக் கேட்க வேண்டாம். கிரஷர் தாடைக்குப் போடும் மாங்கனீசு எஃகுத் தகடு சுண்ணாம்புக்கல்லில் உழைக்கும் காலம் வேறு, சார்னோக்கைட்டில் உழைக்கும் காலம் வேறு. விற்பனைப் பட்டியலில் அச்சாகும் மணிக்கு இத்தனை டன் என்ற எண்ணை நம் பாறையில் ஓட்டிப் பார்க்காமல் யாரும் நம்பக் கூடாது.

ஐந்து ஆண்டுக் குத்தகை, இருபது ஆண்டு எந்திரம்

நகரும் கிரஷருக்கு ஆதரவாக எழுத என்னைத் தூண்டும் முக்கியக் காரணம் டீசல் மிச்சம் அல்ல. தமிழ்நாட்டின் குவாரிக் குத்தகை முறைதான்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருப்பவை. அவற்றின்படி அரசு நிலத்தில் கல் எடுக்கும் குத்தகை பொதுவாக 5 ஆண்டுகளுக்கு. புதிதாகத் திறக்கும் இடமானால் 10 ஆண்டுகள். குவாரிகள் பெரும்பாலும் சில ஏக்கர்களுக்குள் அடங்கியவை. ஆனால் அவற்றின் பக்கத்தில் நிறுவும் நிலையான கிரஷரோ இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் உழைக்கக் கூடியது. உயரழுத்த மின் இணைப்பு, கான்கிரீட் அடித்தளம், கருங்கல் தடுப்புச் சுவர், வங்கிக் கடன் எல்லாம் அந்த நீண்ட ஆயுளை நம்பிப் போட்ட முதல்.

குத்தகை முடிகிறது, எந்திரம் முடியவில்லை. அப்புறம் என்ன நடக்கும்? கிரஷர் பசியோடு நிற்கும். மாதத் தவணை நிற்காது. பக்கத்து மாவட்டத்திலிருந்து பாறாங்கல்லை லாரியில் வரவழைத்து உடைக்கிறார்கள். கல் இருமுறை பயணப்படுகிறது, ஒருமுறை பாறையாக, மறுமுறை ஜல்லியாக. இல்லாவிட்டால் அதே பள்ளத்தை அனுமதித்த ஆழத்துக்கும் கீழே தோண்டும் ஆசை வருகிறது. எல்லைக் கல்லைத் தாண்டிப் பக்கத்துப் புறம்போக்கில் கை வைக்கும் ஆசையும் வருகிறது. இப்படிச் செய்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. அந்தத் தவறுக்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. ஓரிடத்தில் வேரூன்றிய எந்திரம் அந்த இடம் வற்றிய பிறகும் அங்கிருந்தே கல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நகரும் கிரஷருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குத்தகை முடிந்தால் டிரெய்லரில் ஏறி அடுத்த இடத்துக்குப் போய்விடும். குவாரியை மூடும் திட்டத்தை நிறைவேற்றவும் இதனால் வழி பிறக்கிறது. அடித்தளத்தை உடைக்க வேண்டாம், துருப்பிடித்த கட்டமைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் வேண்டியதில்லை. வேலி போட்டு, ஓரங்களைச் சரித்து, மழைநீர் தேங்கும் குட்டையாக மாற்றலாம். கைவிட்ட கல்குவாரிக்கும் பயன் உண்டு என்பதை 2017லும் 2019லும் சென்னை பார்த்தது. குடிநீர்ப் பஞ்சத்தில் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் கொடுத்தார்கள். குவாரியின் மறுவாழ்வைப் பஞ்ச காலத்துத் தற்செயலாக விடாமல், குத்தகையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட முடியும்.

சிறு குத்தகைதாரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நகரும் கிரஷரை வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. நெல் அறுவடை எந்திரத்தைக் காவிரிப் படுகை விவசாயி சொந்தமாக வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறார். கல்லிலும் அது நடக்கலாம். கோடிக்கணக்கில் முதல் போட முடிந்தவர்கள் மட்டுமே நிற்கக் கூடிய தொழிலாகக் குவாரி மாறுவதைத் தடுக்க இது உதவும். 2025 ஏப்ரலில் கனிமம் கிடைக்கும் நிலங்களுக்கான புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லியும் எம்-சாண்டும் கிடைக்காமல் கட்டட வேலைகள் நின்றன. ஒரு வரி மாற்றத்தையே தாங்க முடியாத அளவுக்குத் தொழிலின் நிலையான செலவு இறுகிக் கிடக்கிறது.

நிலையான ஆலை வெல்லும் இடம்

எல்லாக் குவாரிக்கும் நகரும் கிரஷரே சரி என்று சொல்ல மாட்டேன். மின்சாரம் ஒரு காரணம். நிலையான ஆலை மின்வாரியக் கம்பியிலிருந்து ஓடுகிறது. தடத்தில் நிற்கும் எந்திரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது. டிப்பரில் மிச்சம் பிடித்த டீசலில் ஒரு பகுதியை எந்திரத்தின் எஞ்சினே குடித்துவிடும். குவாரி சிறியதாக இருந்து, ஹாப்பர் இருநூறு மீட்டருக்குள் இருந்தால் கணக்கு நகரும் கிரஷருக்குப் பாதகமாகவே முடியும். மின்சாரத்திலும் டீசலிலும் மாற்றி ஓட்டக்கூடிய வகைகள் வந்திருக்கின்றன. பள்ளம் வரை மின் இணைப்பு கொண்டுபோக முடிந்த இடத்தில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எம்-சாண்ட். ஆற்று மணலுக்கு மாற்றாக அதைத்தான் நம்பியிருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2023இல் எம்-சாண்டுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல எம்-சாண்டுக்கு வி.எஸ்.ஐ. வேண்டும், நுண்தூளைப் பிரிக்கும் அமைப்பு வேண்டும், கழுவ நீரும், கழுவிய நீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் தொட்டிகளும் வேண்டும். ஐ.எஸ். 383 தரத்துக்குள் மணல் ஒவ்வொரு நாளும் ஒரே சீராக வர வேண்டும். பொதுப்பணித் துறைச் சான்றும் வேண்டும். இத்தனையையும் தடத்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது நடைமுறைக்கு ஒத்துவராது. சாலைக்கு வேண்டிய ஜி.எஸ்.பி., வெட் மிக்ஸ், சாதாரண ஜல்லி என்றால் நகரும் கிரஷர். எம்-சாண்ட் என்றால் நிலையான ஆலை. முதல் கட்ட உடைப்பைப் பள்ளத்துக்குள் நகரும் ஜா பார்த்துக்கொள்ள, பெல்ட் வழியாக வரும் கல்லை மேலே நிலையான ஆலை மணலாக்கும் கலப்பு முறை பெரிய குவாரிகளுக்குப் பொருந்தும்.

தூசியும் தூரமும்

கருங்கல் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் நுண்துகள் நுரையீரலில் இறங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. கிரஷர் பற்றிய பேச்சு எதுவானாலும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிலையான ஆலையைத் தகடு போட்டு மூடலாம், சுற்றிலும் காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்பலாம், மரம் வளர்க்கலாம், பாதைக்குத் தார் போடலாம். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கிரஷரிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் அதனால் காற்றில் கூடும் தூசி கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதி. நகரும் எந்திரத்தில் பெல்ட் முனைகளில் நீர் தெளிப்பான்கள் இருக்கும், நீர்த் தொட்டி லாரி கூடவே வந்தால் அவை வேலை செய்யும். வராவிட்டால் தூசிதான். அதே நேரத்தில், குவாரிக்குள் பெரிய தூசி கிளம்புவது டிப்பர் சக்கரத்தின் கீழ். 80 நடை நின்றுபோனால் அந்தத் தூசியும் நின்றுபோகும். எந்திரம் பள்ளத்தின் அடியில் நிற்பதால் சத்தமும் ஊருக்குக் குறைவாகவே வரும்.

இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2004இல் வகுத்த விதிப்படி கிரஷர் குடியிருப்பிலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குவாரியே குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் வரக் கூடாது என்பது சிறுகனிம விதி. நிலையான கிரஷர் என்றால் ஒருமுறை நாடா பிடித்து அளந்தால் போதும். நகரும் கிரஷரை எந்த நாளில் அளப்பது? அதிகாரி வரும்போது பள்ளத்தின் அடியில், அவர் போன பிறகு ஊர் ஓரத்தில் என்றால் விதி காகிதத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு குவாரிக்கும், ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் தனி இசைவாணை வேண்டும். எந்திரத்திலேயே ஜி.பி.எஸ். பொருத்தி, அது நிற்கும் இடத்தை வாரியமும் ஊராட்சியும் பார்க்கும்படி செய்ய வேண்டும். லாரியைக் கண்காணிக்க முடிகிற அரசுக்கு நாற்பது டன் எந்திரத்தைக் கண்காணிப்பது பெரிய வேலை அல்ல.

தில்லியைச் சுற்றியிருந்த கிரஷர்களை மூடி, ஹரியானாவின் பாலி பகுதிக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1992 மே மாதம் உத்தரவிட்டது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கு அது. ஊர் வளர்ந்து கிரஷர்களைச் சூழ்ந்துவிட்டிருந்தது. நிலையான ஆலைகளைப் பெயர்த்துக் கொண்டுபோவதற்குள் எத்தனை நுரையீரல்கள் எவ்வளவு தூசியைச் சுவாசித்திருக்கும் என்று யோசித்தால் மனம் பதறுகிறது. நகரும் எந்திரத்துக்கு அந்த உத்தரவு வந்திருந்தால் ஒரு வாரத்தில் இடம் காலியாகியிருக்கும்.

வேகமாக வெளியேறக் கூடிய எந்திரம் வேகமாக உள்ளேயும் வரும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆகவே எந்த எந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கும்படி கம்மாபுரத்துக்காரர்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கண்ணைத் திறந்து நிபந்தனை போடச் சொல்லலாம்.

பள்ளத்தில் நிற்கும் மனிதர்கள்

2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்தது. முன்னூறு அடி ஆழப் பள்ளத்தில் லாரியும் ஹிட்டாச்சியுமாக வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். படி படியாக வெட்டாமல் செங்குத்தாக ஆழப்படுத்தும் குவாரிகளில் மேலே தொங்கும் பாறைதான் எமன். நகரும் கிரஷர் பள்ளத்துக்குள் லாரிகளின் எண்ணிக்கையையும் ஓட்டுநர்களையும் குறைக்கும். ஆனால் நாற்பது டன் எந்திரம் அடியில் நிற்க அகலமான படி வேண்டும், உறுதியான தளம் வேண்டும். செங்குத்துச் சுவரின் நிழலில் அதை நிறுத்தினால் நடப்பது அடைமிதிப்பான்குளமாகத்தான் இருக்கும். ஒழுங்காகப் படி வெட்டிய குவாரிக்கே நகரும் கிரஷர் அனுமதி என்று ஒரு வரி சேர்த்தால், எந்திரத்தின் இலாபத்துக்காகவாவது படி வெட்டத் தொடங்குவார்கள்.

வேலை இழப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிப்பர் ஓட்டுநர்களின் தேவை குறையும். அதை மறைப்பதில் பயனில்லை. கல் உடைக்கும் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் போயர் சமூகக் குடும்பங்கள் சுத்தியலிலிருந்து கிரஷருக்கு மாறிய காலத்திலேயே ஒருமுறை ஓரம் கட்டப்பட்டன. எந்திரத்தை இயக்கவும், தாடைத் தகடு மாற்றவும், ஹைட்ராலிக் கோளாறைச் சரிசெய்யவும் ஆட்கள் வேண்டும். அந்தப் பயிற்சியை அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.களில் கொடுப்பது அரசால் செய்யக் கூடிய காரியம்.

உள்ளூரில் உடைக்க என்ன இருக்கிறது?

கருங்கல் இல்லாத கம்மாபுரத்திலும் நகரும் கிரஷருக்கு வேலை இருக்கிறது. சோவியத் உதவியோடு எழும்பி 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த 600 மெகாவாட் நிலையத்தின் கட்டுமானங்களில் அடங்கியிருக்கும் கான்கிரீட் கொஞ்சநஞ்சமல்ல. சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தும் ஊர்களில் வீடுகள் இடிபடுகின்றன. சாலை அகலமாகும் இடமெல்லாம் பழைய பாலங்களும் வடிகால்களும் பெயர்க்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் பள்ளத்தையும் ஏரிக்கரையையும் நிரப்புகின்றன. கான்கிரீட்டுக்குள் இருப்பது பெரம்பலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ என்றோ ஓடிவந்த ஜல்லிதான். கம்பியைக் காந்தத்தால் பிரித்து, அங்கேயே உடைத்து, சாலையின் அடிப்படுகைக்குப் போட்டால் அந்தக் கல் இன்னொருமுறை ஓட வேண்டியதில்லை. ஐ.எஸ். 383 தரத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு இடிபாட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கும் வரம்போடு இடம் கொடுக்கிறது. சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கென ஆலைகள் வைத்திருக்கிறது. கடலூர் மாவட்டம் போன்ற பரந்த பகுதிக்கு ஓரிடத்தில் ஆலை கட்டுவது வீண். இடிபாடு எங்கே குவிகிறதோ அங்கே எந்திரம் போக வேண்டும். நகரும் கிரஷருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையில் வெடித்தும் உடைந்தும் கழிக்கப்படும் துண்டுகளும் உண்டு. சுட்ட பீங்கான் மட்காது. நொறுக்கினால் தீச்செங்கல் கலவையில் சேர்க்கலாம், தரை நிரப்பவும் பயன்படும். வருடத்தில் சில நாட்கள் ஓர் எந்திரம் வந்து போனாலே குவிந்ததை உடைத்துவிடலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊராட்சியில் அடுத்த சாலை வேலைக்குத் தீர்மானம் வரும்போது பெயர்த்தெடுக்கும் பழைய கான்கிரீட் எங்கே போகிறது என்று கேளுங்கள். அதை அங்கேயே உடைத்துப் பயன்படுத்தும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். குவாரி உள்ள ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேளுங்கள்: குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்த மறுநாள் கிரஷர் எங்கே நிற்கும்? பதிலை எழுத்தில் வாங்கி ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.